ஜிம்மி ஏன் சாப்பிடவில்லை?

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, வரவேற்பு மேசையில் நீங்கள் தினமும் துடைத்து வைக்கும் அந்தச் சிரிப்பு முகப் பெட்டியைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. பச்சை முகம் சிரிக்கும், மஞ்சள் முகம் யோசிக்கும், சிவப்பு முகம் அழும். வாடிக்கையாளர் போகும்போது ஒன்றை அமுக்கிவிட்டுப் போகவேண்டும். கொழும்பிலுள்ள தலைமைக் கந்தோர் பெரிய எதிர்பார்ப்போடு அதை அனுப்பிவைத்தது. நான் பொறுப்பாளராக இருந்த காலத்தில் மன்னார்க் கிளையில் சிவப்பு முகத்தை அமுக்கிய ஆள் நீண்ட நாளாக ஒரேயொருவர்தான். அது தாயின் இடுப்பில் இருந்த ஒரு சின்னப் பிள்ளை. அதற்குச் சிவப்பு நிறம் பிடித்திருந்தது.

இதைக் கேட்டு எங்கள் சேவை அவ்வளவு திறம் என்று நினைத்துவிடாதீர்கள். பெட்டிக்குப் பின்னால் நின்றது யார்? எங்கள் நிர்மலா. வருகிறவர்களில் பாதிப்பேருக்கு அவள் ஏதோ ஒரு முறையில் சொந்தம், மீதிப்பேரோடு மாதா கோயிலில் பக்கத்து வாங்கில் இருந்து பூசை காண்பவள். அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு அழுகிற முகத்தை அமுக்க எங்கள் ஊரில் யாருக்கு மனம் வரும்? குறை இல்லாமல் இல்லை. குறை சந்தைக்குப் போகும், கோயிலுக்குப் போகும், கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் போகும். கடைக்காரனிடம் மட்டும் வராது.

நாங்கள் கடை திறந்தபோது சிரிக்காத ஆள் இல்லை. நாய்க்கு ஹோட்டலோ என்று கேட்டார்கள். றோட்டை மறித்து நிற்கும் கழுதைகளுக்கும் அறை வாடகைக்கு உண்டோ என்று கேட்டார்கள். கேட்டவர்களே பிறகு, கொழும்பில் வேலை பார்க்கும் மகன் கொண்டுவந்து விட்ட குட்டிநாயைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். குளிப்பாட்டினோம், மயிர் வெட்டினோம், வீட்டுக்காரர் பயணம் போனால் தங்கவைத்துப் பார்த்தோம். எதை எப்போது செய்யவேண்டும் என்று தலைமைக் கந்தோர் விதி வகுத்திருந்தது. மாலை ஐந்து மணிக்குத் தீன் கோப்பை உள்ளே போகவேண்டும், அரை மணி நேரத்தில் வெளியே வரவேண்டும், இல்லாவிட்டால் இலையான் மொய்க்கும். நாங்கள் அதில் ஒரு நாளும் பிசகியதில்லை. ஒவ்வொரு மாதமும் முழுப் புள்ளி. எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அந்தத் தலைக்கனத்தை இறக்கியது தாழ்வுபாட்டிலிருந்து வந்த ஓர் ஊர் நாய்.

தாழ்வுபாட்டுக் கிராமத்தில் ஓர் ஓய்வுபெற்ற மருத்துவமாது இருக்கிறார். ஊரே அவரை மிஸி என்றுதான் கூப்பிடும். மன்னார்த் தீவில் என் வயதுக்குக் கீழே உள்ளவர்களில் எத்தனையோ பேரை உலகத்துக்கு இழுத்து எடுத்தவர் அவர். என் மூத்த மகள் பிறக்கும்போது கால் முன்னுக்கு வந்து, என் மனைவி பிழைப்பாளா என்று நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதபோது, உள்ளேயிருந்து வந்து என்னைத் திட்டி, முகம் கழுவச் சொல்லி அனுப்பியவர். கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் வெளிநாட்டில். அவருக்குத் துணை ஜிம்மி. மண்ணிறம், ஒரு காது மடங்கியிருக்கும், சாதி கேட்டால் கடற்கரைச் சாதி.

வவுனியாவில் ஒரு கலியாணத்துக்குப் போவதற்காக மிஸி முதன்முறை ஜிம்மியை எங்களிடம் விட்டார். அதற்கு முன்னொரு முறை அயல்வீட்டில் விட்டுப் போனபோது, அது அவரைத் தேடிப் பட்டணத்து றோட்டில் ஓடி பஸ்ஸில் அடிபடப் பார்த்ததாம். சில நாள் கழித்து எங்களிடம் வந்து ஜிம்மியைக் கூட்டிப்போனபோது, ராசா மாதிரி வைத்திருந்தீர்கள் என்று புகழ்ந்தார். பச்சை முகத்தை இரண்டு தரம் அமுக்கினார். நிர்மலாவின் தலையைத் தடவிவிட்டும் போனார். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நான் இருந்துவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை சந்தையில் நான் பாரை மீன் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, மீன் விற்கிற அக்கா கத்தியை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

“மிஸி கண் வெட்டப் போகேல்லையாம், தெரியுமோ? ஆஸ்பத்திரியிலை பேரை வெட்டச் சொல்லிப்போட்டாவாம். நாயை எங்கை விடுறது எண்டுதான்.”

மிஸிக்கு இரண்டு கண்ணிலும் புரை. வலது கண் ஏறக்குறைய இருண்டுவிட்டது. யாழ்ப்பாணத்தில் அதற்குச் சத்திர சிகிச்சைக்குத் திகதி கிடைத்திருந்தது. செய்தபின் அங்கேயே, அண்ணன் மகளான மருமகள் வீட்டில் இரண்டு கிழமை நிற்கவேண்டும். இந்தத் திகதியை விட்டால் அடுத்தது எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது, தள்ளிப்போடப் போடக் கண்ணுக்கு ஆபத்து என்று டொக்டர் வேறு சொல்லியிருக்கிறார். இவ்வளவும் சந்தைக்குத் தெரிந்திருந்தது. நாய்களைத் தங்கவைப்பதே தொழிலாக இருக்கும் எனக்குத் தெரியவில்லை. எங்கை விடுறது என்ற அந்தக் கேள்வியிலேயே, எங்களிடம் விடமாட்டார் என்ற பதிலும் இருந்தது. பாரையை வாங்காமலே கடைக்கு வந்துவிட்டேன்.

நிர்மலாவைக் கேட்டேன். அவள் பச்சை முகக் கணக்கைக் காட்டினாள். நாய்களைப் பராமரித்த றிஸ்வானைக் கேட்டேன். உப்புக்குளத்துப் பிள்ளை, வேலையில் சுத்தம். நேரத்துக்குத் தீன் வைத்தேன், நேரத்துக்கு எடுத்தேன், நேரத்துக்கு உலாத்தக் கூட்டிப்போனேன் என்றான். பொய்யில்லை. ஜிம்மி பின்னேரத் தீனை அவ்வளவாகத் தொடவில்லை என்பதும் அவனுக்கு நினைவிருந்தது. ஆனால் வீட்டு ஏக்கத்தில் சில நாய்கள் அப்படித்தான், காலையில் கொஞ்சம் கொறித்தது என்றான். தொட்டதா என்று கேட்கும் விதி எங்களிடம் இல்லை. வைத்தீர்களா என்றுதான் விதி கேட்டது.

இந்த இடத்தில் உங்களில் சிலர், உடனே மிஸிக்கு ஒரு போன் எடுத்து என்ன குறை என்று கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டிருந்தால், ஒரு குறையும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார், தேத்தண்ணிக்கும் கூப்பிட்டிருப்பார். எனவே போன் எடுக்கவில்லை. ஒரு சரை பனங்கட்டியை வாங்கிக்கொண்டு அன்று பின்னேரமே தாழ்வுபாட்டுக்குப் போனேன்.

தேத்தண்ணி வந்தது. புகழ்ச்சியும் வந்தது. நான் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன், நேராகவும் கேட்டுப் பார்த்தேன். மிஸி பனங்கட்டி நல்ல பனங்கட்டி என்றார். கண்ணைப் பற்றிக் கேட்டேன். வயசு போனால் அப்படித்தான், இவ்வளவு காலம் பார்த்தது காணும் என்றார். அதற்குள் கோயில் மணி அடித்துவிட்டது. செபமாலை நேரத்தில் ஒரு வீட்டில் அகப்பட்டவன், செபம் முடியாமல் எழும்பிவர முடியுமா? நானும் முழந்தாளில் நின்றேன். என் முழங்கால்களின் நிலைமையை ஆண்டவர் அறிவார்.

அப்போதுதான் பார்த்தேன். ஜிம்மியின் கோப்பையில் சோறும் மீனும் போட்டு ஏற்கெனவே வாசலில் வைத்திருந்தது. நாய் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. முன்னங்கால்களில் முகத்தை வைத்துக்கொண்டு, செபமாலை முழுவதும் எங்களோடு கிடந்தது. செபம் முடிந்தது, மிஸி குசினிக்குள் போய்த் தன் சோற்றுக் கோப்பையோடு வந்து இருந்தார், ஜிம்மி எழும்பிச் சாப்பிடத் தொடங்கியது.

எனக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. கண்டுபிடித்துவிட்டேன்! செபம் முடியாமல் இந்த நாய் சாப்பிடாது. ஐந்து மணிக்கு வைத்து ஐந்தரைக்கு எடுத்தால் அது பட்டினிதான் கிடக்கும். மிஸியிடம் அப்போதே சொன்னேன்:

“மிஸி, எங்களை நல்லம் எண்டு நீங்கள் சொன்னது காணும். கெட்டது என்னெண்டு ஜிம்மியிட்டையே கேக்கிறன். நாளைக்கு ஒரு பின்னேரம் அவனைத் தாங்கோ. சாப்பிடாட்டி இனி நான் இந்தக் கதை கதைக்க மாட்டன். சாப்பிட்டால் நீங்கள் கண்ணுக்குப் போகோணும்.”

அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, நாயின் விலாவைத் தடவிக்கொண்டு இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

“அண்டைக்கு அவன் வந்தபோது எலும்பை எண்ணலாம் போல இருந்தது தம்பி. நீங்கள் கவலைப்படுவியள் எண்டுதான் சொல்லேல்லை.”

பிள்ளைகளே, நான் இந்தத் தொழிலில் கேட்ட வார்த்தைகளில் என்னை அதிகம் சுட்டது இதுதான். நான் கவலைப்படக்கூடாது என்பதற்காக ஒரு மனுஷி தன் கண்ணைக் கொடுக்கத் துணிந்திருக்கிறார். எங்கள் ஊர் மரியாதையை நான் மெச்சுகிறவன்தான், ஆனால் அன்று அந்த மரியாதைமேல் கோபம் கோபமாக வந்தது. ஆஸ்பத்திரியில் அவருடைய பெயரை இன்னும் வெட்டவில்லை. திங்கட்கிழமை காலைக்குள் வருகிறேன் என்று சொன்னால் இடம் இருக்கும். எனக்குக் கிடைத்தது சனிக்கிழமை ஒரு பின்னேரம்தான்.

சனிக்கிழமை நாங்கள் அடித்த கூத்தைக் கேளுங்கள். முதலில் நிர்மலா தன் போனில் செபமாலை ஒலிப்பதிவைப் போட்டாள். ஜிம்மி காதை உயர்த்தியது, போனை மணந்து பார்த்தது, திரும்பிப் படுத்தது. பதிவு செய்த செபம் ஏற்கப்படாது என்று விளங்கியது. சரியென்று நானும் நிர்மலாவும் கூட்டுக்கு முன்னால் சீமெந்துத் தரையில் முழந்தாளில் நின்றோம். மஃரிப் தொழுகைக்கு நேரமாகிவிட்டதால் றிஸ்வான் பள்ளிக்குக் கிளம்பினான். போகும்போது எங்களைப் பார்த்து, நாய்க்காக நான் அங்கே துஆ கேட்கிறேன் சேர், நீங்கள் இங்கே கேளுங்கள், எது பலிக்குதென்று பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

செபமாலை முழுதாகச் சொன்னோம். மன்றாட்டு மாலை வந்தபோது அடுத்த கூட்டில் இருந்த வங்கி முகாமையாளரின் நாய் ஒவ்வொரு மன்றாட்டுக்கும் ஊளையிட்டுப் பதில் சொன்னது. நிர்மலாவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. நான் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு உண்மையாகவே மன்றாடினேன். முடித்தோம். சிலுவை அடையாளம் போட்டோம். ஜிம்மியைப் பார்த்தோம். ஜிம்மி எங்களைப் பார்த்தது. கோப்பை வைத்தபடி இருந்தது.

எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. மிஸியிடம் வாய் விட்டுவிட்டேன். சாப்பிடாவிட்டால் இனிக் கதைக்கமாட்டேன் என்று நானே சொல்லியிருக்கிறேன். வலது கண் போய்விடும், பிறகு இடது கண்ணும் போகும். இத்தனைக்கும் எங்கள் பெட்டி பச்சையாகச் சிரித்துக்கொண்டு இருக்கும். நிர்மலா இன்னொரு தரம் சொல்வோமா சேர் என்று கேட்டாள். எனக்கு எழும்பவே முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து றிஸ்வான் பள்ளியிலிருந்து வந்தான். பசி அவனுக்கு. நடந்தது எதையும் கேட்காமல், ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டுக் கூட்டுக்குப் பக்கத்தில் குந்தி, உம்மா கட்டிக்கொடுத்த ரொட்டியை விரித்துச் சாப்பிடத் தொடங்கினான். ஜிம்மி எழும்பியது. சோம்பல் முறித்தது. தன் கோப்பைக்குப் போய், தலை நிமிராமல் சாப்பிட்டது.

றிஸ்வான் என்ன நடந்தது என்று தெரியாமல் எங்களைப் பார்த்தான். அவன் ரொட்டியை நிறுத்தினான். நாயும் நிறுத்தியது. நானும் நிர்மலாவும் ஒரே நேரத்தில், சாப்பிடடா சாப்பிடு என்று கத்தினோம்.

யோசித்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மிஸி வீட்டில் இரண்டும் என் கண்ணுக்கு முன்னால்தான் நடந்தது. செபம் முடிந்தது, மிஸி தன் கோப்பையோடு வந்து இருந்தார். சத்தமாக நடந்ததை நான் பிடித்துக்கொண்டேன், சத்தமில்லாமல் நடந்ததை விட்டுவிட்டேன். கணவர் போனபிறகு அந்த வீட்டில் இரண்டு உயிர்கள் சேர்ந்துதான் சாப்பிட்டு வந்திருக்கின்றன. தனியே ஒரு கோப்பையை வைத்துவிட்டு ஆள் போய்விட்டால், அது சாப்பாடு என்று ஜிம்மிக்குத் தெரியாது.

நிர்மலா இன்றுவரை அது செபத்தின் பலன் என்கிறாள். றிஸ்வான் அது தன் உம்மாவின் ரொட்டியின் பலன் என்கிறான். ஆபத்து வேண்டாம் என்று, பிறகு ஜிம்மி எங்களிடம் தங்கிய இரண்டு கிழமையும் நாங்கள் இரண்டையும் விடவில்லை. பின்னேரம் நிர்மலா செபம் சொல்வாள். அவள் முடிக்கவும் றிஸ்வான் பள்ளியிலிருந்து வரவும் சரியாக இருக்கும். வந்து கூட்டுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிடுவான். எங்கள் பங்குச் சாமியாரிடம் இதைச் சொன்னபோது, தவக்காலத்தில் சாப்பாட்டைக் குறைத்து ஒறுத்தல் இருக்குதோ ஜிம்மி என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியென்றால் அரைக் கத்தோலிக்கன்தான் என்றார்.

ஜிம்மி சாப்பிட்ட கதையைக் கேட்ட மிஸி, திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்து வருகிறேன் என்று சொன்னார்.

தினமும் பின்னேரம் ஜிம்மி சாப்பிடுவதை நிர்மலா படம் பிடித்து மருமகளின் போனுக்கு அனுப்புவாள். சிகிச்சை நடந்த நாள் மிஸியின் கண் கட்டியிருந்தது, மற்றக் கண்ணிலும் தெளிவாகத் தெரியாது. படம் வேண்டாம், சத்தத்தைக் கேட்கவேண்டும் என்றாராம். றிஸ்வான் ஒரு கையால் ரொட்டியைச் சாப்பிட்டுக்கொண்டு மற்றக் கையால் போனை ஜிம்மியின் கோப்பைக்குப் பக்கத்தில் பிடித்தான். அந்தப் பக்கமிருந்து “ஓம், அவன்தான்” என்ற குரல் கேட்டது. நான் கண்ணைத் துடைத்தேன். என்னைப் பார்த்து நிர்மலாவும் துடைத்தாள்.

இந்த இரண்டு கிழமைக்குள் நாங்கள் சில பழக்கங்களை மாற்றினோம். தீன் வைத்ததை மட்டும் பார்க்காமல், கோப்பையில் மிஞ்சியதையும் பார்க்கத் தொடங்கினோம். நாயைக் கொண்டுவரும்போதே, அது வீட்டில் யாரோடு சாப்பிடும், எப்போது படுக்கும் என்று உட்காரவைத்துக் கேட்டோம். இரண்டாம் முறை வரும் நாய் ஓட்டோவிலிருந்து தானாகக் குதிக்கிறதா, இழுத்து இறக்க வேண்டியிருக்கிறதா என்று வாசலில் நின்று பார்த்தோம். நாய்க்கு முகத்தாட்சண்யம் தெரியாது, அது பச்சை முகத்தைப் பொய்யாக அமுக்காது. ஆட்களிடமும், எங்கள் சேவை எப்படி என்று கேட்பதை விட்டோம். அப்படிக் கேட்டால் நல்லம் என்றுதான் சொல்வார்கள். அடுத்த முறை எதை மாற்றலாம் என்று கேட்டோம். குறை சொல்லச் சங்கடப்படுகிறவர்கள்கூட யோசனை சொல்லத் தயங்கமாட்டார்கள். யோசனை சொல்வது எங்கள் ஊருக்குக் கைவந்த கலை.

இப்போது, ஜிம்மியைக் கூட்டிப்போக மிஸி வந்த நாள். மிஸி கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினார். ஜிம்மி பாய்ந்த பாய்ச்சலில் அவர் விழாமல் இருந்ததற்கு ஓட்டோக்காரர்தான் காரணம். கொஞ்சி முடிந்தபிறகு உள்ளே வந்து கதிரையில் இருந்தார். கண்ணாடியைக் கழற்றி என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் இவ்வளவு நரைத்துவிட்டேன் என்று தனக்குத் தெரியாமல் போயிற்று என்றார். வழக்கம்போலப் புகழ்ச்சி வரும் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன்.

“தம்பி, குறை சொல்லட்டோ?” என்று கேட்டார்.

சொல்லுங்கோ மிஸி என்றேன்.

தண்ணிக் கோப்பை சவுக்காரம் மணக்கிறது, நாயின் மூக்குக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்தீர்களா என்றார். பின்னங்கால் நகம் ஒன்றை ஒட்ட வெட்டியிருக்கிறது என்று தூக்கிக் காட்டினார். செபமாலையைக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதுபோலச் சொல்லக்கூடாது, போனில் எல்லாம் கேட்டது என்று நிர்மலாவைப் பார்த்துச் சொன்னார். நிர்மலா மேசைக்குப் பின்னால் குனிந்துவிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“இன்னொண்டு. நான் வாய் திறக்க முன்னமே எல்லாம் நல்லம் மிஸி, எல்லாம் நல்லம் மிஸி எண்டு சொல்லாதேங்கோ. நல்லமோ இல்லையோ எண்டு நான் சொல்லுறன்.”

நான் சேவையில் இருந்த காலத்தில் பாராட்டுக் கேடயமும் வாங்கியிருக்கிறேன், மேடையில் பொன்னாடையும் போட்டிருக்கிறார்கள். அன்று அந்த அம்மா எங்களை வறுத்தெடுத்தபோது வந்த சந்தோஷம் அப்போதெல்லாம் வரவில்லை. மற்றவர்களும் அதற்குப் பிறகுதான் வாய் திறந்தார்கள். அங்கே குறை சொன்னால் முகத்தை நீட்டமாட்டார்கள் என்று மிஸி கோயில் முற்றத்தில் சொல்லியிருக்கிறார் போல. அந்த மாதம் சிவப்பு முகங்கள் கூடி எங்கள் புள்ளி சடாரென்று இறங்கியது. கொழும்பிலிருந்து போன் எடுத்து, மன்னாரில் என்ன பிரச்சினை என்று கேட்டார்கள். பிரச்சினை தீர்ந்துகொண்டிருக்கிறது என்று சொன்னேன். அவர்களுக்கு விளங்கச் சில மாதங்கள் எடுத்தன.

மிஸி போகும்போது நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். ஜிம்மியை ஓட்டோவில் ஏற்றிவிட்டு, தானும் ஏறப்போனவர், ஒரு காலை இறக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“மற்றக் கண்ணுக்கும் திகதி எடுத்திட்டன். இவனுக்கு இடம் வையுங்கோ. அந்தப் பெடியனிட்டையும் சொல்லி வையுங்கோ, அந்த ரெண்டு கிழமையும் பின்னேரம் வெளியிலை எங்கையும் போய்ச் சாப்பிடாமல் இருக்கட்டும்.”